வில்மா டீச்சரின் மக்காச்சோள டிராகன்

நாத்பெரெக் ஊரில் வில்மாவுக்கு ஆமை டீச்சர் என்று பெயர். அவளிடம் படித்தவர்கள் வைத்த பெயர்தான். பிறகு அது பள்ளிக்கூடத்தின் வேலியைத் தாண்டி ரொட்டிக்கடை, தபால் நிலையம், சாராயக்கடை எல்லாவற்றுக்கும் போய்விட்டது. தபால்காரி வாசலில் சைக்கிளை நிறுத்தி, "ஆமை டீச்சர், கரண்டு பில்லு" என்று குரல் கொடுத்தால் வில்மா கோபப்படாமல் வந்து வாங்கிக்கொள்வாள். ஐம்பத்து நாலு வயதுக்கு மேல் பெயரைத் திருத்திக்கொண்டிருக்க அவளுக்குப் பொறுமையில்லை. தவிர, அந்தப் பெயரில் பிழை எதுவும் இருப்பதாகவும் அவளுக்குத் தோன்றவில்லை.

சேகெத் நகரில் கணக்கும் கணினியும் படித்துவிட்டு ஊர் திரும்பிய வருஷம், பள்ளிக்கூடத்துக்கு லாரியில் கணினிகள் வந்து இறங்கின. அவற்றைத் தொட மற்ற ஆசிரியர்கள் பயந்தார்கள். வில்மாதான் ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பினாள். திரையில் ஒரு சின்ன முக்கோணம் தெரியும். அதற்குத்தான் ஆமை என்று பெயர். முன்னே போ என்றால் போகும், இடது திரும்பு, வலது திரும்பு என்றால் திரும்பும். போகிற வழியெல்லாம் கோடு இழுத்துக்கொண்டே போகும். தான் எங்கே நிற்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது மட்டும்தான் தெரியும். பிள்ளைகள் சதுரம் வரைந்தார்கள், நட்சத்திரம் வரைந்தார்கள். வில்மா வேறொன்றைக் கண்டுபிடித்து அதிலேயே விழுந்துவிட்டாள்.

அது இதுதான். ஒரு தாளில் 'இடது' என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு சொல். இப்போது அதற்கு முன்னால் ஒரு புது 'இடது', பின்னால் ஒரு புது 'வலது'. இடது, இடது, வலது என்று ஆகிவிடும். அடுத்த வரியில் இந்த மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, முன்னால், ஒவ்வொரு இடைவெளியிலும், கடைசியில், மறுபடி இடது, வலது, இடது, வலது என்று மாற்றி மாற்றிச் செருக வேண்டும். விதி அவ்வளவுதான். வரி ஒவ்வொரு முறையும் இரண்டு பங்காக நீளும். அந்த நீண்ட வரியை ஆமையிடம் கொடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஓரடி முன்னே போகச் சொன்னால், அது முனகாமல் நடந்து நடந்து ஒரு பிராணியை வரைந்து முடிக்கும். முதுகு, மடிப்பு மடிப்பாகச் சுருள், சுருளுக்குள் சின்னச் சுருள், அதே உருவம் மறுபடி மறுபடி. அதை டிராகன் என்பார்கள். வகுப்பில் முதல்முறை அது திரையில் விரியும்போது பின்பெஞ்சில் இருப்பவன்கூட வாயில் இருக்கும் சூயிங்கம்மை மறந்துவிடுவான்.

வில்மாவின் கணவர் ரயில்வேயில் இருந்தார். மாற்றல் வாங்கிக்கொண்டு புடாபெஸ்ட் போனார், பிறகு மாற்றலோடு அங்கேயே நின்றுவிட்டார். அவள் போகவில்லை. உருளைக்கிழங்கு தோல் சீவும்போது அவள் உதடு அசைந்துகொண்டிருக்கும். இடது, இடது, வலது. நூடுல்ஸுக்கு மாவு பரப்பிய பலகையில் விரலால் கோடு போட்டுப் பார்ப்பாள். பக்கத்து நகரமான சாபாவுக்குப் போகிற பஸ்ஸில் கண்ணாடி ஆவியடித்திருந்தால் அதிலும். டிராகன் மட்டுமில்லை, பனிப்படிகம், செடி, பாசிக்கொடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி விதி வைத்திருந்தாள். ஆனால் அவள் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது டிராகன்தான்.

கணக்குப் பரீட்சையில் அவள் கை இளகாது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்து என்றால் உயர்ந்த மதிப்பெண், இரண்டு என்றால் தப்பிப் பிழைத்தது, ஒன்று என்றால் தோல்வி. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒருவன் தொங்கிக்கொண்டிருந்தால் மற்ற ஆசிரியர்கள் கையைக் கொடுத்து மேலே இழுத்துவிடுவார்கள். வில்மா இழுக்க மாட்டாள். "முதல் வரியில தப்பு இருந்தா அது கடைசி வரி வரைக்கும் பெருகிக்கிட்டே போகும். நான் இப்ப விட்டா வேற யாராவது பின்னாடி பிடிப்பாங்க. அப்ப வலிக்கும்" என்பாள்.

இந்த உறுதியால்தான் அவளுக்கு அண்ணன் இல்லாமல் போனார்.

கெர்கெய் அவளைவிட நாலு வயது மூத்தவர். கொரொஷ் ஆற்றின் கரையை ஒட்டி நிலம், டிராக்டர், முழங்கால் வலி. அவருடைய மகன் லெவென்தெ எட்டாம் வகுப்பில் கணக்கில் ஒன்று வாங்கினான். ஆகஸ்ட் கடைசியில் மறுதேர்வு. ஊரில் கணக்கு ஆசிரியை ஒருத்திதான் என்பதால் அதையும் அத்தையே நடத்தினாள். மறுபடி ஒன்று போட்டாள். பையன் அந்த வருஷத்தைத் திரும்பப் படித்தான், தொழிற்பள்ளியில் கிடைத்திருந்த இடமும் போயிற்று. அடுத்த வருஷம் வேறு இடம் கிடைத்து, எலக்ட்ரீஷியனாகி, இப்போது ஆஸ்திரியாவில் கிராட்ஸ் பக்கம் கைநிறைய சம்பாதிக்கிறான். அவன் அத்தையோடு நன்றாகத்தான் பேசுகிறான். பிறந்தநாளுக்கு சாக்லேட் அனுப்புகிறான். பேசாதவர் அப்பா.

ஆறு வருஷம். கடைத்தெருவில் எதிரே வந்தால் கெர்கெய் தொப்பியைத் தொடுவார். முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்கிற மரியாதை. கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் மீன் சூப்புக்கு வில்மா அண்ணன் வீட்டு மேஜையில்தான் உட்கார்வாள், சின்ன வயதிலிருந்து. ஆறு வருஷமாக அண்ணி ஏடித் ஒரு தூக்குப்பாத்திரத்தில் சூப்பை ஊற்றி சைக்கிளில் கொண்டுவந்து தருகிறாள். வில்மா அதைத் தனியாகச் சூடுபண்ணிக் குடிப்பாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த மேஜையில் ஒரு நாற்காலி. அதற்காக அந்த ஒன்றை இரண்டாக்குவாளா என்று கேட்டால் மாட்டாள். இரண்டும் உண்மைதான்.

ஊர்த் திருநாள் ஆகஸ்டில் வரும். பக்கத்து ஊர்க்காரர்கள் போன தடவை எங்கிருந்தோ ஒரு ஒட்டகத்தைக் கொண்டுவந்து நிறுத்தி நம் ஊர்க் கூட்டத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு போனார்கள். மேயரம்மா அரங்காவுக்கு அது ஆறவில்லை. கூட்டத்தில் ஆளாளுக்கு யோசனை சொன்னபோது வில்மா கையைத் தூக்கினாள். மக்காச்சோளத்துக்குள் வழி வெட்டலாம், டிராகன் வடிவத்தில். ஆகஸ்டில் சோளம் ஆளை மறைக்கும். வாலில் நுழைந்து சுற்றிச் சுற்றிப் போனால் தலையில் ஒரு மணி இருக்கும், அதை அடித்துவிட்டு வர வேண்டும். கால்பந்து மைதானத்தை ஒட்டிய வயல்தான் அதற்குத் தோது. அந்த வயல் கெர்கெயினுடையது.

மேயரம்மா போய்க் கேட்டுவிட்டு வில்மாவின் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"தர்றாராம்."

"தர்றாரா?"

"வர்ற வசந்தத்துல நீளவாக்குலயும் குறுக்குவாக்குலயும் ரெண்டு தடவை விதைச்சும் தர்றேன்னுட்டாரு. ஆனா கேளு. வெட்டறது நீதான் வெட்டணுமாம். ஆள் வைக்கக் கூடாதாம். 'தப்பா வெட்டினான்னா இனிமே என் நிலத்துல அவ கால் படக் கூடாது, சொல்லிடு' அப்படின்னாரு. மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டு."

மேயரம்மா செய்துகாட்டிய முகத்தைப் பார்த்து வில்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு அது மிரட்டலாகத் தோன்றவில்லை. ஆறு வருஷத்தில் அண்ணன் தன்னைப் பற்றி ஒரு முழு வாக்கியம் சொல்லியிருக்கிறார். அன்று மத்தியானம் முழுக்க அவள் அடுப்படியில் எதையோ தேடுவதுபோல நடந்துகொண்டிருந்தாள். தப்பில்லாமல் வெட்டிவிட்டால் மேஜை. தப்பானால் அந்தத் தொப்பி மரியாதைகூட மிஞ்சாது. டிராகனை அவள் நூறு முறை வரைந்திருக்கிறாள். அதில் அவளுக்குத் தப்பாது.

ஜூன் மாதம் சோளம் முழங்கால் உயரம் வந்ததும் வேலை தொடங்கியது. உடற்பயிற்சி ஆசிரியரிடம் பவர் டில்லர் இரவல் வாங்கியிருந்தாள். கணினியிலிருந்து அச்செடுத்த தாள்களில் இடது, வலது, இடது, இடது என்று பொடி எழுத்தில் வரி வரியாக இருந்தது. எட்டு வரிசை நேராகப் போக வேண்டும், தாளில் உள்ளபடி திரும்ப வேண்டும், மறுபடி எட்டு வரிசை. தாளைப் படிக்க ஏடித் வந்திருந்தாள், சைக்கிளோடு. அவள் எங்கேயும் சைக்கிளில்லாமல் போவதில்லை. வேலியைத் தாண்டிப் பேசப் போனாலும் தள்ளிக்கொண்டு போவாள்.

"இடது" என்றாள் ஏடித், பென்சிலால் அந்தச் சொல்லை அடித்துவிட்டு.

"அண்ணி, கொஞ்சம் சத்தமாப் படிங்க. மோட்டார் சத்தத்துல கேக்கல."

"இதுக்கு மேல கத்தினா சாபாவுக்கே கேக்கும். உங்கண்ணனுக்கு நல்லாக் கேக்குது. அங்க பாரு, கரைமேல உக்காந்துகிட்டு தூங்கற மாதிரி பாவலா."

வில்மா பார்க்கவில்லை. ஆற்றங்கரையின் மேட்டில் ஒரு தொப்பி இருப்பது காலையிலேயே அவளுக்குத் தெரியும். டில்லரின் கைப்பிடி உள்ளங்கையைக் குலுக்கிக்கொண்டிருந்தது. கத்திகள் இளம் சோளத்தை மடக்கி மண்ணுக்குள் தள்ளின. பின்னால் ஒன்றரை மீட்டர் அகலத்துக்குக் கறுத்த, ஈரமான பாதை.

"வலது. ஏன் வில்மா, இந்தப் பிராணி போற போக்கைப் பார்த்தா தன் வால்லயே போய் முட்டிக்கும்போல இருக்கே."

"முட்டாது அண்ணி. போன கோட்டுல மறுபடி போகாது. தன்னைத் தானே ஒருநாளும் வெட்டிக்காது. அதான் அதோட அழகு."

"அப்ப நம்ம குடும்பத்துல பொறந்தது இல்ல."

வில்மா சிரித்ததில் டில்லர் ஒரு வரிசை கோணியது. நேராக்கிக்கொண்டாள். அவ்வப்போது திரும்புகிற இடங்களில் இயந்திரம் சட்டென்று இலேசாகி முன்னே ஓடியது. கல்லில்லாத மண் போல என்று நினைத்துக்கொண்டாள். கண் கத்தியின் மேல், காது அண்ணியின் குரலில். எங்கே நிற்கிறோம் என்று பார்க்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம் என்பது போதுமாக இருந்தது.

வெயில் ஏறியபோது தண்ணீர்க் கேன் மைதானத்து ஓரத்தில், நுழைவாயிலிலேயே கிடப்பது ஞாபகம் வந்தது. "இரு, எடுத்தாறேன்" என்று ஏடித் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். வெட்டிய பாதை வழியாக வாசல் வரை போய்வர அவளுக்கு அரைமணியாவது ஆகும் என்று வில்மா மோட்டாரை நிறுத்திவிட்டு மண்ணில் உட்கார்ந்தாள். செருப்பிலிருந்து மண்ணைத் தட்டி முடிப்பதற்குள் கேனோடு ஏடித் முன்னால் நின்றாள்.

வில்மா எழுந்தாள். "செடிய மிதிச்சுக்கிட்டா வந்தீங்க? அண்ணன் அங்கேருந்து பாத்துக்கிட்டிருக்காரு."

"ஒரு இலைமேலகூட படல. பாதைலதான் வந்தேன்."

"இவ்வளவு சீக்கிரம் எப்படி?"

"நேரா வந்தேன். அங்க ஒரு மூலைல இந்தப் பாதையும் அந்தப் பாதையும் ஒண்ணாச் சேந்திருக்கு. அப்படியே நுழைஞ்சு இந்தாண்ட வந்தேன். இன்னொரு இடத்துலயும் அப்படித்தான். சைக்கிளே போகுதே. ஏன், அப்படி இருக்கக் கூடாதா?"

வில்மா அண்ணி காட்டிய மூலைக்குப் போனாள். முதலில் வந்த பாதை அந்த இடத்தில் இடது பக்கம் திரும்பியிருந்தது. பின்னால் வந்த பாதை அதே புள்ளிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து திரும்பியிருந்தது. இரண்டும் அந்தப் புள்ளியில் உரசிக்கொள்ள மட்டும் வேண்டும். திரையில் கோடு மெல்லியது. வயலில் பாதைக்கு அகலம் உண்டு. உரச வேண்டிய இடத்தில் நாலு பக்கமும் திறந்த ஒரு முச்சந்தி, இல்லை, நாற்சந்தி. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சுவரே இல்லை.

இது தெரியாததா அவளுக்கு? ரொம்ப நாளைக்கு முன்பே தெரியும். மூலைகள் ஒட்டிக்கொண்டு படம் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே என்று, ஆமையிடம் அவள் சொல்லிவைத்திருந்தாள்: திரும்பும் இடம் வரை போகாதே, கொஞ்சம் முன்னாலேயே மூலையைச் சீவிக்கொண்டு திரும்பு. அதிலிருந்து டிராகன் வழுவழுப்பாக, எங்கும் ஒட்டாமல் வந்தது. சுவரில் மாட்டியிருப்பதும் அதுதான். இத்தனை வருஷத்தில் அந்தச் சீவலை அவள் டிராகனின் சொந்தக் குணம் என்றே நினைத்துவிட்டாள். அது சொற்களில் இல்லை. சொற்களில் இடதும் வலதும்தான். சீவல் ஆமையின் காலில் இருந்தது. இன்று ஆமை அவள்தான். அவள் வரிசை குறுக்கிடும் இடம்வரை ஒழுங்காகப் போய், பட்டாளத்துக்காரன் மாதிரி நெட்டுக்குத்தாகத் திரும்பியிருக்கிறாள்.

விஷயத்தைக் கேட்டுக்கொண்ட ஏடித் கேனைத் திறந்து அவளிடம் கொடுத்தாள்.

"குடி முதல்ல. இப்ப என்ன ஆச்சு? இனிமே சீவிக்கிட்டே போ. ஆகஸ்ட்ல சோளம் ரெண்டாள் உயரம் நிக்கும். நாலு பேரு நடுவுல பூந்து வந்தாங்கன்னா கெட்டிக்காரன்னு நினைச்சுக்குவாங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"உனக்குத் தெரிஞ்சா சரி. அந்தத் தொப்பிக்குத் தெரிய வேண்டாம். ஆறு வருஷம் நான் அந்தத் தூக்குப்பாத்திரத்தைச் சுமந்திருக்கேன் வில்மா. இந்தக் கிறிஸ்துமஸுக்காவது என் கைக்கு ஓய்வு வேணும்."

வில்மா தண்ணீர் குடித்தாள். அண்ணி சொல்வதில் நியாயம் இருந்தது. மறைப்பதும் சுலபம். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இன்றைக்கு மறைத்துவிட்டு அந்த மேஜையில் போய் உட்கார்ந்தால், மீன் சூப்பை வாயில் வைக்கும்போதெல்லாம் இந்த மூலை கண்ணில் நிற்கும். பையனுக்கு ஒன்று போட்ட கை இது. கேனை மூடிக் கொடுத்துவிட்டுக் கரையை நோக்கி நடந்தாள்.

மேட்டில் ஏறும்போது கெர்கெய் தொப்பியைத் தொட்டார்.

"அண்ணே, தப்பாயிடுச்சு."

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள், மூலை, சீவல், எல்லாவற்றையும். எங்கே வெட்டினது என்று கையால் காட்டினாள். அவர் எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி, வயலுக்குள் போனார். பாதையோடே நடந்தார். ஒவ்வொரு மூலையிலும் நின்றார். ஏடித் சைக்கிளைப் பிடித்தபடி வாயை மூடிக்கொண்டு நின்றது அன்று நடந்த பெரிய அதிசயம்.

"இத எவன் வெட்டினான்?" என்றார் கெர்கெய், மண்ணைப் பார்த்து.

"நான்தான்."

"தெரியுது. எத்தனை மூலை?"

"ஏழெட்டு இருக்கும்."

"ஏழா, எட்டா? மார்க் போடும்போது அரையை முழுசாக்க மாட்டியே."

"எட்டு."

"எட்டு." அவர் ஒரு சோளத்தட்டையை மண்ணிலிருந்து இழுத்துப் பார்த்துவிட்டு எறிந்தார். "என் பையனுக்கு ஒரு மார்க் கூடப் போட்டிருந்தா உனக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"எனக்கு ஒண்ணும் குறைஞ்சிருக்காது."

"அப்புறம்?"

"அவனுக்கு அந்தக் கணக்கு தெரியல அண்ணே. தெரியாதவனைத் தெரியும்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றியா?"

"ஊர்ல எல்லா வாத்தியாரும் போடறான்."

"அவங்ககிட்டப் போய்க் கேளு."

"அவங்க என் தங்கச்சி இல்லையே. ஊரே என்கிட்ட வந்து துக்கம் விசாரிச்சுச்சு. 'அத்தையே ஃபெயில் போட்டாளாமே'ன்னு. சாராயக்கடைல எனக்கு முன்னாடியே சிரிச்சானுங்க. நான் என்ன பதில் சொல்றது? எனக்குத் தங்கச்சியே கிடையாதுன்னு சொன்னேன்."

"பொய்" என்றாள் ஏடித். "அப்படிச் சொல்லல. 'டீச்சர் விஷயத்தை டீச்சர்கிட்ட கேளு, நான் குடிக்கறதை ஏன் கெடுக்கற'ன்னுதான் சொன்னாரு. கடைக்காரர் பொண்டாட்டி என்கிட்ட சொன்னா."

"நீ சும்மா இருடி."

"ஆறு வருஷம் சும்மாத்தானே இருந்தேன்."

"நீ என்கிட்டயே வந்து கேட்டிருக்கலாம் அண்ணே" என்றாள் வில்மா. அவள் குரல் உயர்ந்துவிட்டது. "வாசல்ல வந்து நின்னு திட்டியிருக்கலாம். ரெண்டு அடிகூட அடிச்சிருக்கலாம். தொப்பியத் தொடற. எனக்கு. தபால்காரிக்குத் தொடற மாதிரி. இன்னைக்குத் திரும்பப் பரீட்சை வச்சாலும் நான் அதே ஒண்ணுதான் போடுவேன், தெரிஞ்சுக்கோ."

"போடுவ. அது தெரிஞ்சதுதானே." அவர் வெட்டிய மூலையைக் காலால் தட்டினார். "இதுக்கு நான் என்ன போடணும்?"

வில்மா அதைப் பார்த்தாள். "ஒண்ணு."

"நானும் அதான் நினைச்சேன்."

மைதானத்தில் யாரோ புல்வெட்டும் இயந்திரத்தைக் கிளப்பினார்கள். சத்தம் வந்து நின்றது.

"சரி, நான் போறேன் அண்ணே. சொன்ன சொல்லு சொன்னதுதான். இனிமே இந்த நிலத்துல கால் வைக்க மாட்டேன்."

"போயேன். போய்ட்டு? இந்த அலங்கோலத்தை யாரு முடிக்கிறது, உன் மேயரம்மாவா? நுகத்தடி மாதிரி நிக்காத. ஏடித், கொட்டகைல நீலப் பை இருக்கும் பாரு, துடைப்பச் சோளம் விதை. எடுத்தா."

துடைப்பச் சோளம் அந்த மண்ணில் வெறிபிடித்த மாதிரி வளரும். ஜூனில் போட்டால் ஆகஸ்டில் ஆள் உயரம் வந்துவிடும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், வில்மாவுக்கும். மூலைக்கு மூலை குறுக்காக ஒரு பட்டை நெருக்கமாக விதைத்தார்கள். அவள் விதையை எங்கே போட வேண்டும் என்று குச்சியால் மண்ணில் கோடு காட்டினாள், அவர் போட்டார். "இந்தப் பக்கம் ஒரு சீவல், அந்தப் பக்கம் ஒரு சீவல். நடுவுல சுவர். இப்படி" என்றாள். "புரியுது, புரியுது, எட்டாங்கிளாஸ் பையன்கிட்ட பேசற மாதிரி பேசாத" என்றார். விதை போட்டு முடித்த மூலையைச் சுற்றி ஏடித் சைக்கிளோடு ஒருமுறை போய்வந்து, "ஆகஸ்ட்ல இதுல பூந்து வர முடியாது" என்று சான்று சொன்னாள்.

மறுநாள் காலை வில்மா வந்தபோது டில்லரின் கைப்பிடியைக் கெர்கெய் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உன் வரிசை கோணலா போகுது. பார்க்கச் சகிக்கல. நீ படி."

அவள் படித்தாள். அவர் ஓட்டினார். திரும்பும் இடத்துக்கு முன்னால் அவள் "சீவு" என்பாள், அவர் மூலையைச் சாய்வாக வெட்டிக்கொண்டு திரும்புவார்.

"இந்தச் சீவு தாள்ல எழுதியிருக்கா?"

"இல்ல."

"எழுதாததை நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"அதுக்குத்தான் நான் கூட வர்றேன்."

"இடதா வலதா சொல்லு."

"இடது. அடுத்ததும் இடது."

"போன தடவையும் ரெண்டு இடது வந்துச்சே."

"இப்ப மூணாவதும் இடது வரும்."

"அறிவு கெட்ட பிராணி" என்று சொல்லிக்கொண்டே அவர் ஒழுங்காகத் திரும்பினார். மத்தியானம் ஏடித் புளிப்புச் செர்ரி சூப் கொண்டுவந்தாள். குளிரக் குளிர மூன்று பேரும் பாதையில் உட்கார்ந்து குடித்தார்கள். கோழிகளைப் பார்க்க வேண்டும் என்று பிறகு அவள் போய்விட்டாள். அண்ணனும் தங்கையும் திருப்பம் திருப்பமாக வயலுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். பேசியது இடது, வலது, சீவு, மூன்று சொல்தான். நடுவில் அவருடைய முழங்காலைப் பற்றிச் சில கெட்ட வார்த்தைகள்.

சாயங்கால வெயில் சாய்ந்தபோது வில்மா கடைசிச் சொல்லை அடித்தாள்.

"அடுத்து?" என்றார் கெர்கெய்.

"எட்டு வரிசை போ. அவ்வளவுதான்."

அவர் எட்டு வரிசை போய் நிறுத்தினார். "அவ்வளவுதான்னா?"

"முடிஞ்சிடுச்சு. இதான் தலை. இங்கதான் மணி கட்டணும்."

கெர்கெய் சுற்றிலும் பார்த்தார். நாலு பக்கமும் சோளம். மைதானம் தூரத்தில், கரை அதைவிடத் தூரத்தில்.

"இங்கேருந்து வெளிய போற வழி?"

"வந்த வழிதான்."

"முழுசுமா?"

"முழுசும். வேற வழி இருந்தா அது டிராகனே இல்ல."

ஆள் மட்டும் என்றால் செடிகளுக்கு நடுவே காலை ஊன்றி ஊன்றி வெளியேறிவிடலாம். டில்லரோடு என்றால் அதைச் செடிமேல் ஏற்ற வேண்டும். தன் சோளத்தின் மேல் தானே இரும்பை ஏற்றுகிற ஆளில்லை அவர். இயந்திரத்தைத் திருப்பி, கத்தியைத் தூக்கிவிட்டு, உருட்டிக்கொண்டு கிளம்பினார். ஒரு கைப்பிடியை வில்மா பிடித்துக்கொண்டாள். பாதை இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலம்தான். இன்று காலையிலிருந்தும் நேற்றும் வெட்டியதையெல்லாம் திரும்ப நடந்தாக வேண்டும்.

முதல் மூலையைத் தாண்டினார்கள்.

"அன்னைக்கு அவன்கிட்ட என்ன கேட்ட?" என்றார் கெர்கெய்.

"என்னைக்கு?"

"மறுதேர்வுல. கடைசியா கேட்டியாமே, ஒரு கணக்கு. அதுலதான் போச்சுன்னான். என்ன கணக்குன்னு நான் கேக்கவே இல்ல."

வில்மாவுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. "ஒரு தண்ணித் தொட்டி. ஒரு குழாயத் தொறந்தா மூணு மணி நேரத்துல ரொம்பும். இன்னொரு குழாய் மட்டும்னா ஆறு மணி நேரம். ரெண்டையும் சேத்துத் தொறந்தா எவ்வளவு நேரம்?"

"தொட்டில ஓட்டை இருக்கா?"

"இல்ல."

"எங்க வீட்டுத் தொட்டில இருக்கு."

"இது பரீட்சைத் தொட்டி அண்ணே."

அவர் நடந்தார். ஒரு சீவிய மூலை, இன்னொரு சீவிய மூலை, ஒரு நேர்வழி. அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. வில்மா அந்தப் பக்கம் பார்க்காமல் வந்தாள்.

"நாலரை" என்றார்.

லெவென்தெ சொன்னதும் அதேதான். இப்போது சரி என்று சொல்லிவிடலாம். அவர் மறுபடி கேட்கப்போவதில்லை. வீட்டுக்குப் போய் ஏடித்திடம், பையன் சரியாகத்தான் சொன்னானாம் என்று சொல்லமாட்டாரா?

"தப்பு" என்றாள்.

கெர்கெய் நின்றார். டில்லர் தானாக ஓரடி உருண்டு நின்றது.

"எப்படித் தப்பு?"

"ஒரு குழாய் மட்டும் தொறந்தாலே மூணு மணி நேரம். ரெண்டாவதையும் தொறந்தா நேரம் கூடுமா, குறையுமா?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். வயலைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். தொப்பியைத் திரும்ப வைத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார்.

"நட" என்றார். "முதல்லேருந்து சொல்லு. மெதுவா."